கழுவெளியை வடித்தால் டெங்கு போகாது, சார்!

பள்ளிக்கரணையைச் சுற்றியுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு மனு சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கும் வந்தது. சாரம் இவ்வளவுதான்: டெங்கு கூடிவிட்டது, சதுப்பு நிலத்தில் மண்டிக் கிடக்கும் சம்பையும் கோரையையும் வெட்டி எடுத்து, தேங்கிய தண்ணீரை வடித்து, மருந்து அடிக்க வேண்டும். "டாக்டர், நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டா மனுவுக்கு ஒரு வெயிட் இருக்கும்" என்று கீழே ஒரு வரி.

போட மாட்டேன். ஏன் என்பதற்குத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

மனு எழுதினவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. வீட்டில் குழந்தைக்கு 104 டிகிரி காய்ச்சல், பிளேட்லெட் தினமும் இறங்குகிறது என்றால், ஜன்னலுக்கு வெளியே பெரிதாகத் தெரியும் தண்ணீர் மேல்தான் சந்தேகம் போகும். ஐப்பசி மழை ஆரம்பித்ததும் என் ஓ.பி.யில் பாதிப் பேர் காய்ச்சல்காரர்கள்தான். பயம் நியாயம். கை காட்டுகிற இடம்தான் தப்பு.

டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் கொசு. அது ஒரு சுகவாசி. சேறு, சம்பு, மீன் துள்ளும் திறந்தவெளி நீர்நிலை எல்லாம் அதற்குப் பிடிக்காது. அதற்குப் பிடித்தது நம் வீடு. பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயர், மூடி இல்லாத சிமென்ட் தொட்டி, யாரும் தொடாத ஆட்டுக்கல் குழி. ஒரு டம்ளர் சுத்தமான தண்ணீர் போதும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டி வைத்துவிட்டுப் போகும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காத்திருக்கும். அடுத்த மழைக்குப் பொரிக்கும். அதனால்தான் தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவுங்கள் என்று சொல்கிறோம்.

இன்னொன்று, ஏடிஸ் ரொம்ப தூரம் பறக்காது. பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்தான் அதன் வாழ்க்கை. உங்கள் ஏழாவது மாடிக் குழந்தைக்கு டெங்கு வந்திருந்தால், கொசு உங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே பிறந்திருக்க வாய்ப்பு அதிகம். இல்லையென்றால் பக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும் புதுக் கட்டடத்தில். கான்கிரீட் இறுக ஊற்றி வைத்த தண்ணீர், லிஃப்ட் குழி, திறந்த டிரம். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் மண்ணைக் கொட்டி எழும்பும் கட்டடங்கள் ஏடிஸுக்குக் கட்டிக் கொடுக்கும் பிரசவ வார்டுகள்.

சென்னையின் நகர்ப்புற மலேரியாவுக்கும் இதே கதை. அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி என்ற கொசு, மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்வது.

இதையெல்லாம் மனுவை அனுப்பிய குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரிடம் போனில் சொன்னேன். அவர் மசியவில்லை. "சார், நீங்க புத்தகத்துல இருக்கறதைச் சொல்றீங்க. நாங்க தினமும் கடி வாங்குறோம்" என்றார். சரி, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வாங்க, சேர்ந்து நடந்து பார்ப்போம் என்றேன். வந்தார். கையில் கொசு விரட்டி க்ரீம் பூசி, முழுக்கைச் சட்டை போட்டு, ஏறக்குறைய போருக்குப் புறப்பட்டவர் மாதிரி.

எங்கள் நடை சோழிங்கநல்லூர்–மேடவாக்கம் சாலையோரம் இருக்கும் பெரும்பாக்கம் சதுப்பில் தொடங்கியது. பள்ளிக்கரணையின் தெற்குத் துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் எல்லாம் ஒரே கழுவெளி. இப்போது சாலைகளும் கட்டடங்களும் குறுக்கே வந்து துண்டு துண்டாகிவிட்டது.

இலையுதிர் காலம் என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அப்படி ஒன்று சென்னையில் கிடையாது. ஐப்பசியும் கார்த்திகையும் நம் கணக்கில் கூதிர் காலம். மரம் இலையை உதிர்க்காது, வானம் பறவையை உதிர்க்கும். சைபீரியா, மத்திய ஆசியாவில் குளிர் இறங்க இறங்க அங்கே இரை குறைந்துபோய், பறவைகள் தெற்கே வரும் நேரம் இது. பெருமழை பிடித்துத் தண்ணீர் ஏறிவிட்டால் உள்ளான் வகைகளுக்குக் கால் ஊன்ற இடம் இருக்காது. வேறு இடம் தேடிப் போய்விடும். அதனால் ஐப்பசியின் முதல் பாதி, தண்ணீர் கணுக்கால் அளவு நிற்கும் நாட்கள், சேற்றில் கிளறும் பறவைகளைப் பார்க்க அருமையான நேரம். வாத்துகளைப் பார்க்க மழைக்கு அப்புறமும் போகலாம்.

அன்று முதலில் கண்ணில் பட்டது நீலத்தாழைக்கோழி. பத்து, இருபது என்று சம்புக்கு நடுவே சிவப்பு மூக்கும் சிவப்புக் காலுமாக, வீட்டுக்காரர் மாதிரி நடந்துகொண்டிருந்தன. அவை உள்ளூர்வாசிகள். சம்பின் தண்டை ஒரு காலால் பிடித்துக் கடித்துத் தின்பதைப் பார்த்துச் செயலாளர் சார், "கரும்பு கடிக்கிற மாதிரி இருக்கு சார்" என்றார். அவர் வெட்டச் சொன்ன அதே சம்பு. நான் ஒன்றும் சொல்லவில்லை.

நீளவால் இலைக்கோழி ஒன்று மிதக்கும் இலைகள் மேல் நடந்து போனது. இந்த இனத்தில் பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அப்பா வேலை.

ஓரச் சேற்றில் பொரி உள்ளான்கள். ஒரு பறவை எழுபது கிராம் இருந்தால் அதிகம். நம் சட்டைப் பையில் இருக்கும் மொபைலின் எடையில் பாதிகூட இல்லை. அது வடக்கே சதுப்புக் காடுகளில் முட்டையிட்டுவிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இங்கே வந்து, நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகும் சேற்றில் புழு தேடுகிறது. தூரத்தில் நீலச்சிறகி வாத்துகள் கூட்டமாக மிதந்தன. வந்த புதிதில் ஆண் வாத்துக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆணின் அலங்கார இறகெல்லாம் உதிர்ந்து மங்கலாக இருக்கும், மாப்பிள்ளைக் கோலம் பிறகுதான். புதிதாகப் பறவை பார்க்க வருபவர்கள் இங்கேதான் குழம்பிப் போய் விட்டுவிடுவார்கள். விடாதீர்கள், தை மாதம் மறுபடி வந்து பாருங்கள்.

டாக்டராக எனக்கு இந்தப் பறவைகள் மேல் ஒரு பொறாமை உண்டு. பயணத்துக்கு முன் இவை வெறித்தனமாகத் தின்று உடம்பில் கொழுப்பை ஏற்றும். சில இனங்கள் உடல் எடையை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்கிக்கொள்ளும். பட்டைவால் மூக்கன் இன்னும் ஒரு படி மேல், பறப்பதற்கு முன் குடலையும் இரைப்பையையும்கூடச் சுருக்கிக்கொள்ளும். 2022இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஒரு பட்டைவால் மூக்கன் குஞ்சு, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர், பதினோரு நாள், எங்கும் இறங்காமல் பறந்தது. ஏற்றிய கொழுப்பு அவ்வளவும் எரிந்து போகும். நம்ம ஊரில் கல்லீரல் கொழுப்போடு வந்து "சார், டெய்லி பத்து நிமிஷம் நடக்கறேன், குறைய மாட்டேங்குது" என்று சொல்பவர்களை நினைத்துக்கொண்டேன்.

சரி, கொசுவுக்கு வருவோம். திறந்த நீர்ப்பரப்பின் ஓரத்தில் குனிந்து பார்க்கச் சொன்னேன். சின்னச் சின்ன மீன்கள், நீர்ப்பூச்சிகள். தலைக்கு மேலே தட்டான்கள். தட்டான் பறக்கும்போது கொசுவைத் தின்னும், தண்ணீருக்குள் இளம்புழுவாக இருக்கும்போது கொசுப்புழுவைத் தின்னும். இரண்டு வயதிலும் நமக்கு வேலை செய்யும் ஒரே ஊழியர், சம்பளமும் கிடையாது. தலைக்கு மேலே தகைவிலான்கள் வாயைத் திறந்தபடி காற்றை அரித்துக்கொண்டிருந்தன. உயிருள்ள ஒரு சதுப்பில் கொசு முட்டையிடாது என்று சொல்லவில்லை. இடும். பொரித்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாக வெளியே வருவதற்குள் வழியில் இத்தனை வாய்கள். மருந்து அடித்தால் முதலில் சாவது இந்த வாய்கள்தான். கொசு இரண்டு வாரத்தில் திரும்பி வந்துவிடும், தட்டான் வராது.

அந்தத் தட்டான்களில் ஒரு இனம் இந்த மாதங்களில் தெற்கு இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிறது என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009இல் எழுதினார். இரண்டு விரல் நீளப் பூச்சி! விசா எல்லாம் நமக்குத்தான்.

செயலாளர் விடவில்லை. "அப்போ ராத்திரி எங்களைக் கடிக்கிறது எது சார்?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல 200 அடி ரோடு பக்கம், பள்ளிக்கரணைக்குப் போனோம். ஒரு கால்வாய் வாய் சதுப்பில் வந்து விழும் இடம். கறுப்புத் தண்ணீர், நுரை, பாலித்தீன், மேலே ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. மீன் இல்லை, ஏனென்றால் தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை. ஆனால் புழு நெளிகிறது. இதுதான் க்யூலெக்ஸ். ராத்திரி காதுக்குள் பாடுவது இவர்தான். யானைக்கால் நோயைப் பரப்புவதும் இவர்தான். சாக்கடை நீரில் செழித்து வளர்பவர். இந்தக் கொசுவை உற்பத்தி பண்ணுவது சதுப்பு அல்ல, சதுப்புக்குள் நாம் திறந்துவிடும் கழிவுநீர். உங்கள் குடியிருப்பின் கழிவுநீரை வாரம் எத்தனை லாரி எடுத்துப் போகிறது, அது எங்கே போய்க் கொட்டுகிறது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. நிறையச் சங்கங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்படுவதும் இல்லை.

அங்கிருந்து பார்த்தால் பெருங்குடி குப்பைக்கிடங்கும் தெரியும். 2022 ஏப்ரலில் அது பற்றி எரிந்தது பலருக்கு நினைவிருக்கும். சதுப்பால் சுற்றுவட்டார நுரையீரல்களுக்கு வந்த கேடு என்று யாராவது கேட்டால், அந்தப் புகையைத்தான் காட்டுவேன். அதே 2022இல்தான் பள்ளிக்கரணை ராம்சர் தலம் என்ற சர்வதேச அங்கீகாரம் பெற்றது, சுமார் 1,248 ஹெக்டேர். அரை நூற்றாண்டுக்கு முன்னால் இது 5,000 ஹெக்டேரைத் தொட்ட இடம். ஒரு கையில் குப்பை, ஒரு கையில் சான்றிதழ்.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது மருத்துவ மாணவர் வந்து கமெண்ட்டில் போடுவார். ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்தியாவில் முதன்முதலில் இது மனிதர்களிடம் அறியப்பட்டது 1955இல், நம் வேலூரில். இதன் வைரஸ் கொக்கு, நாரை வகைப் பறவைகளிலும் பன்றியிலும் பெருகும். பரப்பும் கொசு நெல்வயலிலும் செடி மண்டிய நீரிலும் வளரும். ஆகவே சதுப்பு, கொக்கு, கொசு மூன்றும் சேர்ந்தால் நோய் என்று ஒருவர் வாதிடலாம். உண்மை இருக்கிறது. ஆனால் அதற்காகக் காவிரி டெல்டாவில் நெல் நடுவதை நிறுத்துங்கள் என்று யாராவது மனு போட்டார்களா? இல்லை. தடுப்பூசி இருக்கிறது, பாதிப்புள்ள மாவட்டங்களில் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடுகிறோம். பன்றிகளைக் குடியிருப்பிலிருந்து தள்ளி வைக்கச் சொல்கிறோம். கொசுவலை கட்டச் சொல்கிறோம். வயலை யாரும் தூர்ப்பதில்லை, ஏனென்றால் வயலால் நமக்கு என்ன பயன் என்று தெரியும். சதுப்பால் என்ன பயன் என்று தெரியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

சதுப்பு என்றாலே நோய் என்ற பயம் பழசு. மலேரியா என்ற சொல்லே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று'. சதுப்பிலிருந்து எழும் காற்றுதான் காய்ச்சல் தருகிறது என்று நம்பினார்கள். ரோமுக்குத் தெற்கே பொன்டைன் சதுப்பை 1930களில் வடித்தே விட்டார்கள். அங்கே பயத்துக்குக் காரணம் இருந்தது, அங்கிருந்த அனாஃபிலிஸ் கொசு சதுப்பில் வளர்ந்தது. ஆனால் அந்த ஊர் மருந்துச்சீட்டை எடுத்துவந்து இந்த ஊர் நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது. கொசு மாறினால் சிகிச்சை மாறும்.

குற்றவாளி காற்று அல்ல, கொசு என்று காட்டிய வேலை நம் மண்ணில்தான் நடந்தது. ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைப் பார்த்தார். மறுவருடம் கல்கத்தாவில், மனித நோயாளிகள் சரியாகக் கிடைக்காததால், பறவைகளுக்கு வரும் மலேரியாவை எடுத்துக்கொண்டு, கொசுக்கடி மூலம் குருவிக்குக் குருவி நோய் போவதை நிரூபித்தார். 1902இல் நோபல் பரிசு. பறவைகள் நமக்குச் செய்த உபகாரத்தில் இதுவும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாம், குருவிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்றாலும்.

சதுப்பின் பயனுக்கு வருகிறேன். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழிந்தால் உபரி நீர் வந்து நிற்கும் இடம் இது. இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு பக்கம் கடலில் சேர வேண்டும். பஞ்சு மாதிரி வாங்கி, மெதுவாக விட வேண்டும். பஞ்சின் அளவைக் குறைத்துவிட்டு, வாயையும் அடைத்துவிட்டோம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தத் தண்ணீர் எங்கே நின்றது என்று வேளச்சேரி, பள்ளிக்கரணைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம் வடிந்த பிறகு எங்களிடம் வருபவை எலிக்காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, சேற்றுப்புண், அதோடு டயாலிசிஸுக்குப் போக முடியாமல் மூச்சு முட்டி வந்த கிட்னி நோயாளிகள். சதுப்பை மூடினால் நோய் குறையும் என்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுவிட்டுப் பேச வேண்டும்.

திரும்பி வரும்போது ஒரு பூனைப்பருந்து சம்புக்கு மேலே தாழப் பறந்து வந்தது. மொத்த நாமக்கோழிக் கூட்டமும் தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடியது. செயலாளர் சார் நின்றுவிட்டார். அந்தச் சில நிமிடம் கொசுவைப் பற்றியோ, சங்கத்தில் சந்தா கட்டாதவர்களைப் பற்றியோ அவர் பேசவில்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரி 2022இல் ஒரு மொபைல் செயலி மூலம் ஆய்வு செய்து, பறவையைப் பார்த்த, கேட்ட பொழுதுகளில் மக்களின் மனநிலை மேம்பட்டிருந்தது, மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடமும் அப்படியே என்று வெளியிட்டார்கள். இதை வைத்து மாத்திரையை நிறுத்திடாதீங்க. மாத்திரையோடு சேர்த்துக்கோங்க.

அவர் முழுக்க மாறிவிட்டார் என்று கதை விட மாட்டேன். "பாம்பு வருதே சார், அதுக்கு என்ன பண்றது?" என்று கடைசிவரை கேட்டார். பாம்பு வரும், எலி இருந்தால் வரும், குப்பை இருந்தால் எலி வரும். இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு நடங்க, கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல் நேராக அரசு மருத்துவமனைக்கு வாங்க, விஷமுறிவு மருந்து அங்கே இலவசம் என்றேன்.

மனுவில் நான் கையெழுத்துப் போடும்படி என்ன இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். கழிவுநீர் லாரிகள் எங்கே கொட்டுகின்றன என்று மாநகராட்சி கண்காணிக்க வேண்டும். சதுப்பில் விழும் ஒவ்வொரு கால்வாயிலும் சுத்திகரிப்பு வேண்டும். ஒக்கியம் மடுவின் வாயை மழைக்கு முன்பே திறந்து வைக்க வேண்டும். கட்டுமான இடங்களில் வாரா வாரம் ஏடிஸ் சோதனை, புழு இருந்தால் அபராதம். எல்லையை அளந்து கல் நட வேண்டும், அதற்குள் ஒரு லோடு மண் விழுந்தாலும் கேஸ். இதை எழுதி அனுப்புங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. கூடவே உங்கள் குடியிருப்பில் வெள்ளிக்கிழமை தோறும் எல்லாத் தொட்டி, தட்டு, டிரம்மையும் கவிழ்த்துத் தேய்க்கும் வேலை. கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும், வாரம் ஒருமுறை கவிழ்த்தால் கணக்கு முடிந்தது.

நடந்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்குச் சில குறிப்புகள்.

விடிகாலை போங்கள், ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள். சர்க்கரைக்காரர்கள் வெறும் வயிற்றில் இன்சுலின் போட்டுவிட்டு வராதீர்கள், பாக்கெட்டில் நாலு பிஸ்கெட் இருக்கட்டும். கால் மரத்துப்போனவர்கள் செருப்போடு சேற்றோரம் நடக்கவே கூடாது, மூடிய ஷூ கட்டாயம், வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பாருங்கள். ஆஸ்துமாக்காரர்கள் குப்பைக்கிடங்குப் பக்கம் வேண்டாம், பெரும்பாக்கம் பக்கம் போதும், இன்ஹேலர் கையில் இருக்கட்டும். 8x42 பைனாகுலர் ஒன்று இருந்தால் நல்லது, இல்லையென்றால் கண் போதும். பிரகாசமான நிறச் சட்டை வேண்டாம். மொபைலில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிட வேண்டாம், பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து பசியோடு மேய்கிறவரை ஏமாற்றி அலையவிடுவது பாவம். செத்த பறவை கிடந்தால் கையால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள், குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள். உயிரோடு இருக்கும் பறவையைத் தள்ளி நின்று பார்ப்பதால் பறவைக்காய்ச்சல் வரும் என்று பயப்பட வேண்டியதில்லை.

கொசு விரட்டி க்ரீம் பூசிக்கொண்டு வந்தாலும் சரிதான். செயலாளர் சார் பூசியது வீண் போகவில்லை, திரும்பி வந்து குடியிருப்பு வாசலில் பேசிக்கொண்டு நின்றபோதுதான் எங்களை ஏடிஸ் கடித்தது.